பானையின் மேல் யார் பெயர்?

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூர் நோக்கி இறங்கும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சென்ற தை மாதத்தில் ஒரு நாள், தோட்டத்து வேலையை முடித்துக்கொண்டு இறங்கி வருகையில், சாலையோரத்துக் கடை ஒன்றில் தேநீர் அருந்த நின்றேன். ஏலக்காய்ப் பொட்டலங்களுக்கும் காப்பிப் பொடிக்கும் நடுவே மண்குதிரைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். நெற்றிச் சுட்டி, கழுத்து மணி, சேணம் யாவும் முறையாகவே அமைந்திருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மார்பு முதல் வால் வரை வயிற்றின் அடியில் மெல்லிய கோடு ஒன்று ஓடிற்று. அடுத்ததை எடுத்தேன், அதே இடத்தில் அதே கோடு. பின்னர்தான் காதைக் கவனித்தேன். அங்கிருந்த பன்னிரண்டு குதிரைகளுக்கும் இடது காது நுனி ஒரே அளவாக மழுங்கியிருந்தது.

எவரோ ஒரு குயவர், என்றோ ஒரு நாள், தம் கையால் ஒரு குதிரையைச் செய்திருக்கிறார். அதன் ஈரக் காதின்மேல் அவருடைய விரலோ குழந்தையின் கையோ பட்டு மழுங்கியிருக்கிறது. அக்குதிரையை வைத்து அச்சு எடுத்தவர் அந்தக் குறையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். "இது யார் செய்தது?" என்று கடைக்காரரைக் கேட்டேன். "கம்பெனிச் சரக்கு ஐயா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவே.

நெசவாளரும் விவசாயிகளும் அங்கத்தினராயுள்ள நமது இதழில் மண்குதிரையைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். சேலைக் கரைக்கு நேர்வது எதுவோ அதுவேதான் அந்தக் குதிரைக்கும் நேர்ந்திருக்கிறது. ஆனால் துணியில் உருவமும் அழகுவேலையும் ஒரே இழையில் கலந்துவிடுகின்றன. மட்கலத்திலோ கலத்தின் உருவம் வேறு, அதன் மேற்பரப்பில் தீட்டியதும் கீறியதும் வேறு எனப் பிரித்துப் பார்க்க இயலும். எது பொதுச் சொத்து, எது ஒருவருடைய சொந்தம், எதை எடுத்தால் அது கற்றல், எதை எடுத்தால் அது களவு என்பதைத் தெரிந்துகொள்ள மண்பாண்டத்தைவிட நல்ல ஆசானை நான் அறியேன்.

முதலில் உருவத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையின் வடிவத்தை யார் கண்டுபிடித்தார்? ஒருவரும் இல்லை, எல்லோரும்தான். வாய் குறுகியிருப்பது தூசி விழாமல் இருக்கவும் நடக்கும்போது நீர் தளும்பாமல் இருக்கவும். வயிறு அகன்றிருப்பது இடுப்பில் பொருந்த. அடி உருண்டிருப்பதற்குக் காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. குயவர் திரிகையில் வாயையும் தோளையும் மட்டுமே முடித்து எடுக்கிறார். அடிப்பாகத்தைச் சற்று உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லைத் தாங்கலாகப் பிடித்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டியே மூடுகிறார். தட்டத் தட்டச் சுவர் மெலிகிறது, மண் இறுகுகிறது, உருண்டை தானே பிறக்கிறது. மூலையில்லாத உருண்டைச் சுவர் சூளையின் வெப்பத்தைச் சீராக ஏற்கும், விரிசல் குறையும். நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்கிறது. இத்தனை காரணங்களும் சேர்ந்து வகுத்த வடிவத்துக்கு ஒருவர் உரிமை கொண்டாடினால் சிரிப்புத்தான் வரும்.

அய்யனார் கோயில் குதிரையும் அத்தகையதே. மணலும் உமியும் கலந்து பிசைந்த களிமண்ணால் நான்கு கால்களை உள்ளீடற்ற குழாய்களாக எழுப்பி, அவற்றின்மேல் உடலை வளர்த்து, கழுத்தையும் தலையையும் பின்னர் சேர்த்துச் செய்யும் முறை வேளார் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்தது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் புரவியெடுப்பு விழாவின்போது புதுக் குதிரைகள் ஊர்வலமாகக் கோயிலுக்குச் செல்கின்றன. பழைய குதிரைகளை எவரும் பழுது பார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் அவை மீண்டும் மண்ணாகின்றன. ஆகவே புதுமை என்பதற்கு அங்கே வேறு பொருள். சென்ற விழாவின் குதிரையைப் போலவே இவ்விழாவின் குதிரையும் இருக்க வேண்டும். ஆயினும் அது மறுபடியும் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் முகத்தில், மணிகளின் வரிசையில், சேணத்துப் பூவில் வேறுபாடு தெரியும். பொது வடிவத்துக்குள் தனிக் கை புலப்படும் இடம் அதுதான்.

நாளை எவரேனும் ஒருவர், அவர் குயவராகவே இருப்பினும், அய்யனார் குதிரையின் வடிவம் தமக்கே உரியது என்று பதிவு செய்யப் புறப்பட்டால் முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் நாம்தான். ஆயின் அச்சுக்காரர் எடுத்தது அப்பொது வடிவத்தை அன்று. அந்த மழுங்கிய காதை எடுத்தார். ஒரு குறிப்பிட்ட மனிதரின் ஒரு குறிப்பிட்ட நாளின் உழைப்பை, அவர் கைத்தவறு உட்பட, எடுத்துக்கொண்டார்.

கற்றுக்கொள்வது வேறு என்பதற்குச் செட்டிநாட்டிலேயே சான்று இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த பளபளப்பான ஓடுகள் அங்குள்ள மாளிகைகளின் சுவர்களை அலங்கரித்தன. ஆத்தங்குடித் தொழிலாளர் அத்தகைய பூக்களையும் கட்டங்களையும் பார்த்தனர். ஆனால் செய்த வழி தமக்குரியது. கண்ணாடிப் பலகையின்மேல் உலோகச் சட்டம் வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, உள்ளூர் மணலையும் சிமெண்டையும் அதன்மேல் இட்டு, சூளையில் வைக்காமலே உலர்த்தி நீரில் ஊறவைத்து எடுக்கின்றனர். கண்ணாடியின் வழவழப்பே ஓட்டின் வழவழப்பாகிறது. பார்த்ததை அவர்கள் தங்கள் மண்ணுக்கும் கைக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். அதைக் களவு என்று எவரும் சொல்லத் துணியார்.

இனி மேற்பரப்பு. நம் மலைச்சரிவில் பெய்யும் மழை கொட்டகுடி ஆற்றில் இறங்கி, வைகையோடு சேர்ந்து, அணையில் தங்கி, மதுரையைக் கடந்து கீழடிப் பக்கமாகவும் மானாமதுரை வழியாகவும் செல்கிறது. ஆகையால் அவ்விரண்டு ஊர்களையும் நம் ஊர்களாகவே கருதிச் சில செய்திகள் சொல்வேன்.

கீழடியில் மத்தியத் தொல்லியல் துறையினர் 2015இல் தொடங்கிய அகழாய்வைப் பின்னர் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை மேற்கொண்டது. அத்துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அங்குக் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580. கருப்பு சிவப்புப் பானைகள் அங்கே ஏராளம். உள்ளே கருமையும் வெளியே செம்மையுமாய் இருக்கும் அந்நிறம் பூசியதன்று. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடுகையில் காற்றுப் புகாத உட்புறம் கருத்தும், காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தும் வருவது என்பர். தீயைக் கொண்டே வண்ணம் தீட்டிய அக்கைகளுக்கு நாம் எந்த விருதும் கொடுத்துவிட முடியாது. அப்பானை ஓடுகளில் 56 துண்டுகளில் தமிழி எழுத்துகள் இருந்தன. 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்ற பெயர்கள் அவற்றில் உண்டு. அவற்றை 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் காணலாம்.

அந்தப் பெயர்கள் யாருடையவை? பானையைச் செய்தவருடையவை அல்ல என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். எழுத்துகளுள் பெரும்பாலானவை பானை சுட்டு முடிந்த பிறகு கூரிய கருவியால் தோள்பட்டையில் கீறப்பட்டவை. கையெழுத்தும் பலவாறாக வேறுபடுகிறது. எனவே பானையை வாங்கியவர்கள் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்டனர் எனக் கொள்வதே பொருத்தம். அக்காலத்து மக்கள் எழுத்தறிந்திருந்தார்கள் என்று நாம் பெருமை கொள்கிறோம், கொள்ளத்தக்கதே. ஆனால் ஆதனின் பானையைத் திரிகையில் ஏற்றியவர் பெயர் என்ன? இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் உடையவன் பெயர் நிற்கிறது. செய்தவன் பெயர் இல்லை.

இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. சேலையின் மடிப்பில் ஒட்டிய சீட்டில் ஜவுளிக்கடையின் பெயர் இருக்கிறது. ஏலக்காய் மூட்டையில் ஏல எண் இருக்கிறது. நெய்தவரையும் விளைவித்தவரையும் சரக்கை வைத்துக் கண்டுபிடிக்க இயலாது.

இது உலக வழக்கம் என்று சமாதானம் சொல்வாரும் உளர். அப்படியன்று. கீழடியில் மக்கள் வாழ்ந்த அதே ஆறாம் நூற்றாண்டில், கிரேக்க நாட்டு ஏதென்சில் கி.மு. 570ஐ ஒட்டிச் செய்யப்பட்ட ஒரு பெரிய கலம் இத்தாலியின் பிளாரன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் இரண்டு பெயர்கள் எழுதப்பட்டுள்ளன: எர்கோதிமோஸ் இதைச் செய்தான், கிளெய்தியாஸ் இதில் தீட்டினான். உருவம் ஒருவருடையது, மேற்பரப்பு மற்றொருவருடையது. இருவர் பெயரும் ஒரே கலத்தில். (1900இல் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் கோபத்தில் முக்காலியை வீசியதால் அக்கலம் 638 துண்டுகளாயிற்று, பொறுமையாக மீண்டும் ஒட்டிவிட்டார்கள். பெயர்கள் தப்பின.) சற்றுப் பின்னர் வந்த எக்செக்கியாஸ் என்பவர் செய்ததும் தீட்டியதும் தாமே என்று எழுதி வைத்தார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியிலிருந்து வந்த செந்நிற மெருகுக் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றின் அடியில் செய்த தொழிற்கூடத்தாரின் முத்திரை பதிந்திருந்தது. அம்முத்திரைகளைக் கொண்டே அக்கலங்களின் காலத்தைக் கணிக்க முடிந்தது. அவற்றோடு சேர்த்து அரிக்கமேட்டின் காலமும் துலங்கிற்று. கடல் கடந்து போன சரக்கு, இரண்டாயிரம் ஆண்டு கழித்தும், தன்னைச் செய்தவர் யார் என்று சொல்லிற்று.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜப்பானிய அறிஞர் யனாகி சோயெத்சு, பெயரற்ற சாதாரணத் தொழிலாளர் அன்றாடப் பயனுக்காகச் செய்த பொருள்களிலேயே உண்மையான அழகு உண்டு என்று கூறி, 1936இல் தோக்கியோவில் நாட்டுக் கைத்தொழில் அருங்காட்சியகம் ஒன்றை நிறுவினார். பெயரைத் தேடும் மனம் பொருளைக் கெடுத்துவிடும் என்பது அவர் கொள்கை. உயர்ந்த கொள்கைதான், படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் அவர் பெரிதும் போற்றிய தேநீர்க் கிண்ணத்தையே பாருங்கள். கொரியாவில் யாரோ ஒரு குயவர் செய்த எளிய கிண்ணம் அது. இன்று கியோத்தோ நகரக் கோயில் ஒன்றில் ஜப்பானின் தேசியச் செல்வமாகப் பாதுகாக்கப்படுகிறது. அதன் பெயர் 'கிசாயெமோன்'. கிசாயெமோன் யார்? அதை வைத்திருந்த ஓசக்கா நகரத்து வணிகர்! கீழடி ஆதன் கதையேதான். யனாகியின் நண்பரான புகழ்பெற்ற குயவர் ஹமாதா ஷோஜி தம் கலங்களில் பெயர் பொறிப்பதில்லை என்று சொல்வார்கள். உண்மை. ஆனால் கலத்தை வைத்துக் கொடுக்கும் மரப்பெட்டியின்மேல் அவர் கையெழுத்து இருந்தது. பெயரில்லாமை என்பது பெயருள்ளவர் விரும்பி மேற்கொண்டால் துறவு. பெயர் கிடைக்காதவர் தலையில் சுமத்தினால் அதற்கு வேறு சொல் வேண்டும்.

இனி மானாமதுரைக்கு வருவோம். அவ்வூர் கடத்தைப் பற்றிக் கேள்விப்படாத இசைவாணர் இல்லை. உருவத்தில் அது சாதாரணப் பானையே. மேற்பரப்பில் பூ இல்லை, கோடு இல்லை, வண்ணச் சித்திரம் இல்லை. அவ்வாறாயின் தனித்தன்மை எங்கே இருக்கிறது? பல கண்மாய்களின் மண்ணைக் கலக்கும் விகிதத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை தட்டிச் சுவர் முழுவதையும் ஒரே தடிப்பாக்கும் கையில் இருக்கிறது. சுட்டு எடுத்தபின் எந்தச் சுருதியில் நாதம் எழும் என்று முன்கூட்டியே அறிந்திருக்கும் செவியில் இருக்கிறது. பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை வார்த்து அதே வடிவத்தைக் கொண்டுவரலாம். நாதத்தைக் கொண்டுவர முடியாது. அத்தொழிலில் வாழ்நாளைக் கழித்த மீனாட்சி கேசவன் அம்மையாருக்கு 2013ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதமி விருது அளிக்கப்பட்டது. கடம் வாசித்தவருக்கு விருது வருவது புதிதன்று; கடம் செய்தவருக்கு வந்ததே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். வெறும் பானை, வெறும் மேற்பரப்பு, ஆயினும் செய்தவர் பெயர் நாடறிந்தது.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கும் அதே ஆண்டில் கிடைத்ததால் நம்மவர் அச்சொல்லை நன்கு அறிவர். அது பெரிய பேறு, ஐயமில்லை. ஆனால் அது எதைக் காக்கிறது என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் சிலரே. அது காப்பது ஊரின் பெயரை. மானாமதுரை என்று பொய்ப் பெயர் இட்டு எவரும் விற்கக்கூடாது. அதே வடிவத்தில் ஒரு பானையை வேறெங்கோ செய்து, பெயர் ஒன்றும் இடாமல் விற்றால் அதைத் தடுக்க அச்சட்டத்தில் வழி அரிது. அன்றியும், ஊருக்குப் பெயர் வந்ததால் ஊரிலுள்ள தனி ஒருவருக்குப் பெயர் வந்துவிடாது. உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. நம் பக்கத்துத் திராட்சைக்காரர்களில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள் என்று அடுத்த கூட்டத்தில் கைதூக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

உருவத்துக்கும் மேற்பரப்பு வேலைக்கும் உரிய சட்டம் வேறு: 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பொருளின் உருவம், அமைப்பு, கோலம், அலங்காரம், கோடுகளும் நிறங்களும் சேர்ந்த சேர்க்கை ஆகியவை கண்ணுக்குப் புலப்படும் அளவில் புதியனவாக இருந்தால் பதிவு செய்யலாம். கையால் செய்தாலும் எந்திரத்தால் செய்தாலும் பொருந்தும். உரிமை 10 ஆண்டு. பின்னர் 5 ஆண்டு நீட்டிக்கலாம். இதில் நம்மவர் காலிடறும் கல் ஒன்று உண்டு. பதிவுக்கு விண்ணப்பிக்குமுன் அவ்வடிவத்தை வெளியிட்டுவிட்டால், அதாவது சந்தையில் வைத்தாலோ படம் பிடித்துப் பரப்பினாலோ, அது புதியது என்னும் தகுதியை இழக்கிறது. நாமோ முதலில் திருவிழாக் கடையில் வைத்து, விற்கிறதா என்று பார்த்து, விற்றால் மகிழ்ந்து, பிறர் எடுத்தபின் அழுகிறோம்.

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உள்ள பதிப்புரிமை நம்மைக் காக்காதா எனில், ஓரளவுக்குக் காக்கும். கலைப்படைப்புக்குப் பதிவு இல்லாமலே உரிமை உண்டு. படைத்தவர் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும் நிற்கும். ஆயின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பெருக்கிவிட்டால் பதிப்புரிமை அற்றுப்போகும். ஐம்பது சேலை என்பது நமக்கு எத்தனை நாள் வேலை? இருக்கைகளுக்கு உறையிடும் துணியின் பூவேலை குறித்து வந்த வழக்கொன்றில் தில்லி உயர்நீதிமன்றம் 2009இல் இவ்வாறே தீர்ப்பளித்தது. இரு சட்டங்களுக்கும் இடையே உள்ள எல்லையை உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் மறுபடியும் ஆராய்ந்து, தூய கலைப்படைப்பா, தொழில்முறையில் பெருகும் வடிவமா என்று முதலில் பார்க்க வேண்டும் எனக் கூறியிருக்கிறது. கைத்தறிக்கென 11 வகைத் துணிகளை ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டமோ துணி வகையைக் காக்கிறதேயன்றி, ஒரு நெசவாளர் மனத்தில் தோன்றிய பூவை அது அறியாது.

இதை ஏட்டறிவாக மட்டும் எழுதவில்லை. நான் அறிந்த நெசவாளர் ஒருவர், சமவெளியில் இருப்பவர், ஏலச்செடியின் அடியில் தரையோடு படரும் சரத்தைப் பார்த்து அதையே சேலைக் கரையாக்கினார். பூவும் பிஞ்சும் காயுமாக மூன்று பருவமும் ஒரே கொடியில் வரும்படி அமைத்திருந்தார். மலைக்காரனாகிய எனக்கு அதைப் பார்த்ததும் கண் கலங்கிற்று. அடுத்த தீபாவளிக்குள் விசைத்தறிச் சேலைகளில் அதே கரை வந்துவிட்டது. நகரத்துக் கடையொன்றில் நானே கண்டேன். எடுத்தவர்கள் ஏலச்செடியைப் பார்த்தவர்கள் அல்லர் என்பதும் தெரிந்தது. சரத்தைத் தலைகீழாக, கிளையிலிருந்து தொங்குவதாக நெய்திருந்தார்கள். நெசவாளரோ, "போகட்டும், என் கரை நன்றாயிருந்ததால்தானே எடுத்தார்கள்" என்று சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. நம் சங்கங்கள் அதைக் கேட்டுக்கொண்டு வாளாவிருப்பது பெருந்தன்மையாகாது.

விவசாயிகளுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். மேற்பரப்பின் பொய்மையை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? உலர்த்தும் அறையின் சூட்டைக் கவனமாகக் காத்துப் பெறும் பச்சை நிறத்தைச் சிலர் சாயத்தில் பெறப் பார்க்கிறார்கள். அதற்கு எதிராக நறுமணப் பொருள் வாரியம் எச்சரித்து வருகிறது. செய்முறையிலிருந்து வராத நிறம் ஏலக்காயிலும் பொய், பானையிலும் பொய்.

பெயர் விஷயத்தில் நாம் நெசவாளருக்கு ஒரு நல்ல வழியும் காட்டலாம். நம் சரிவுகளிலும் இடுக்கியிலும் பெரும்பாலான தோட்டங்களில் நிற்கும் ஏலச்செடி ஞள்ளானி. அதைத் தெரிந்தெடுத்துப் பெருக்கியவர் கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப். ஞள்ளானி என்பது அவர் வீட்டுப் பெயர். தூரைப் பிரித்து நட்டால் செடி கிடைத்துவிடும். ஆகையால் அது தோட்டம் தோட்டமாகப் பரவிற்று. எவரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. ஆனால் ஒன்று நடந்தது. செடி போன இடமெல்லாம் பெயரும் கூடவே போயிற்று. இன்று நாற்று வாங்குகிற கூலிக்காரர்கூட ஞள்ளானி என்றுதான் கேட்கிறார். விவசாயியையும் பயிர்வகைக்குரிய உரிமையாளராக ஏற்கும் சட்டம் 2001இல்தான் வந்தது. பெயரோ மக்கள் வாயில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. நாலு பேர் எடுத்துக்கொண்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டு போகுமானால் நட்டம் பாதியாகும் என்பது என் எண்ணம்.

இவ்வெண்ணத்தோடு போடிக்குக் கீழே ஓர் ஊரில் பானை செய்யும் முதியவரிடம் சென்றேன். பொங்கல் முடிந்து திரிகை ஓய்ந்திருந்த நேரம். "பெரியவரே, பானையின் அடியில் உங்கள் பெயரைக் கீறிக் கொடுங்களேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "எதற்கு ஐயா? உடைந்தால் என்னைத் தேடி வருவதற்கா?"

"ஆம், அதற்கும்தான்" என்றேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படியென்றால் இன்னும் இரண்டு நாள் காயவிட்டுத்தான் சூளையில் வைக்க வேண்டும்" என்றார். தம் எழுத்து நன்றாயிராது என்று சொல்லி, பெயருக்குப் பதிலாகக் கட்டைவிரல் நகத்தால் மூன்று பிறை வைத்துக் கொடுத்தார். அப்பானையில்தான் இப்பொழுது என் வீட்டில் தண்ணீர் இருக்கிறது. மற்றக் கடைப் பானைக்குக் கொடுப்பதைவிட அதிகமாகக் கொடுக்க முன்வந்தேன். அவர் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். மூன்று பிறைக்கு விலை வைக்க அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை; அதைச் சங்கம்தான் வைக்க வேண்டும்.

நமது சங்கங்களில் மாதிரி ஏடு ஒன்று வைக்கலாம் என்று பொதுக்குழுவின் முன் வைக்க எண்ணுகிறேன். புதிய கரையோ, புதிய கலமோ உருவான அன்றே, கடைக்குப் போகுமுன், அதன் துண்டோ படமோ, செய்தவர் பெயரும் தேதியும் அதில் ஏற வேண்டும். அந்த ஏடு சட்டப் பதிவாகாது. ஆனால் எது பழைய பொது வடிவம், எது இன்னாருடைய புதிய வேலை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை அது உண்டாக்கும். பதிவு செய்யத்தக்கது எது என்று ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ தெரிந்தெடுத்து, சங்கச் செலவில் விண்ணப்பிக்கவும் உதவும். எல்லாவற்றையும் பதிவு செய்யப் புறப்படுவது வீண்செலவு. மூத்தோரிடமிருந்து வந்த வடிவங்களை ஏட்டின் முற்பகுதியில் தனியே எழுதி, இவை எவருக்கும் தனியுரிமை ஆகா என்று குறிப்பதும் அவசியம். சீட்டில் சங்கத்தின் பெயரோடு நெய்தவர் பெயரையும் அச்சிடுவதற்கு வரும் செலவு எவ்வளவு என்பதைச் செயலாளர் கணக்கிட்டுச் சொன்னால் நலம். செய்தவர் பெயரைப் போட்டால் வாங்குபவர் அவரிடமே நேரே போய்விடுவார், சங்கத்தின் விற்பனை குறையும் என்று ஓர் அங்கத்தினர் என்னிடம் சொன்னார். அந்த அச்சம் அடியோடு பொய் என்று நான் சொல்லமாட்டேன். பேசித் தீர்க்க வேண்டியது அது.

மழுங்கிய காதுக் குதிரை ஒன்றை விலை கொடுத்து வாங்கி வந்து சங்க அலுவலக மேசைமேல் வைத்திருக்கிறேன். நம் பகுதியில் மண்குதிரை செய்யும் வேளார் எவரேனும் இவ்வழியே வந்தால், அந்தச் சேணத்துப் பூவையும் மணி வரிசையையும் சற்றுப் பார்த்து, அது எந்த ஊர்க் கை, யார் கை என்று தெரிந்தால் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.